இடைவிடாமல் எழுதும் டிஸ்க்

தருவைகுளத்திலிருந்து தூத்துக்குடி வரும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஓர் ஐஸ் கடைக்காரரும் அவர் மைத்துனனும். கடைக்காரர் நிறுத்தத்துக்கு நிறுத்தம் யார் ஏறுகிறார்கள் என்று படியையே பார்த்தார்.

"மாப்ள, கடையில மாட்டுற கேமராவுக்கு விலை கொறஞ்ச ஹார்ட் டிஸ்க் போதாதா?"

"வேண்டாம் அத்தான். அது ஓட்டு மேல ஓடு அடுக்குனாப்ல, ஒண்ணு மேல ஒண்ணா எழுதும். ஓயாம பதிஞ்சா திணறும். நடுவுல படம் விட்டுப்போவும். விலை கூடுனது தனித்தனி வரியா எழுதும், விடாது."

"அப்ப அதயே வாங்கு. விட்டுப்போன நேரம் பாத்து அவனுவ வந்துட்டா?"

"எவனுவ?"

"கோர்ட்ல சாட்சி சொல்லாதன்னு நேத்தும் வந்து நின்னானுவ."

மைத்துனன் குரல் இறங்கிவிட்டது. "அத்தான், டிஸ்க்கு பதியத்தான் செய்யும். தடுக்காது."

"தெரியும்டே. வந்தது யாருன்னாவது ஒங்க அக்காளுக்குத் தெரியணும்லா."