ஆறாவது குதிரை நடந்த தூரம்

மேடையில் அமர்ந்திருக்கும் மன்றத் தலைவர் பல் டாக்டர் ஐயா அவர்களே! கணவரைப் பறிகொடுத்து மூன்றே நாளில் எங்களுக்காக எழுந்து வந்திருக்கும் தங்கச்சியே! அச்சகத்து மேல்மாடி கொள்ளாமல் படிக்கட்டு வரைக்கும் நிற்கிற உறவுகளே, விளையாட்டுக்காரப் பிள்ளைகளே! மூன்றாம் வரிசையில் இருக்கும் தபால்காரத் தம்பியே, உங்களைத் தனியாகக் கும்பிடுகிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுதி வைத்துத்தான் படிக்கிறேன். நடுவில் நின்றுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடுவர் திலகம் டெய்லர் தம்பி போய்விட்டார். வியாழக்கிழமை, தைத்துக்கொண்டிருந்த சட்டையோடு மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டார். யாரால் என்ன செய்ய முடிந்தது? எதிர்க்கடைக்காரர் ஓடி வந்தார். ஆட்டோ வந்தது. எல்லாம் வந்தது, உயிர் மட்டும் நிற்கவில்லை!

வெளியூர் உறவுகளுக்கு எங்கள் விளையாட்டு புதிதாக இருக்கும். ஒரு மேசை, இரண்டு பேர், விரல் உயரப் பொம்மைப் படைகள். பகடை உருட்டி நகர்த்த வேண்டும். ஒற்றைப் படையை நகர்த்தினால் வம்பில்லை. நாலைந்தைச் சேர்த்துக் கூட்டமாக நகர்த்தினால்தான் இந்த மாடியே அதிரும்.

"ஒட்டி நின்னாதான் கூட்டம்!"

"ஒட்டித்தானே நிக்குது? கண்ணாடியப் போட்டுட்டுப் பாருய்யா!"

"பஸ் டிக்கெட்டே நுழையுது, இதுக்குப் பேரு ஒட்டுறதா?"

அப்போது கழுத்தில் நாடாவோடு வருவார் நம் தம்பி. "பொம்மைங்க சும்மாதான் நிக்குது, நீங்க ஏம்பா அடிச்சுக்கிறீங்க?" என்று குனிந்து அளப்பார். தலைவர் ஐயா விடுவாரா? "இவர் அளவ நம்பாதீங்க. என் பேன்ட்டப் பார்த்தாலே தெரியும்" என்பார். "பேன்ட்டு சரியாத்தான் இருக்கு டாக்டர், வயிறுதான் விதிய மீறுது" என்று பதில் வரும். தலைவர் ஐயா, இப்போது சிரித்துவிட்டு அழுகிறீர்களே, எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

தீர்ப்பில் தவறினால் அவர் என்ன செய்வார்? கத்தரிக்கோலின் பிடியால் மேசையில் மூன்று தட்டு தட்டுவார். எழுந்து நின்று, "நான் தப்பாச் சொல்லிட்டேன். அந்த இடத்துல இருந்து மறுபடி ஆடுங்க" என்பார். எத்தனை பேருக்கு வரும் அந்த மனசு! தோற்றுப் போனவர் பேருந்து ஏறப் போய்விட்டார் என்று நிறுத்தம் வரைக்கும் ஓடி, கையைப் பிடித்து இழுத்து வந்த மனிதர் அல்லவா அவர்!

அப்படிப்பட்டவரை நான் எட்டு மாதம் தட்டவிடாமல் செய்தேன்.

ஆமாம், நான்தான்.

சென்ற ஆண்டு இறுதிப் போட்டி உங்களுக்கு நினைவிருக்கும். என் பேத்தியும் தபால்காரத் தம்பியும் மோதினார்கள். ஒன்பது வருடமாக ஒரு கோப்பையும் கிடைக்காத தம்பி அவர். பேத்தியின் ஆறு குதிரைகள் ஒரே வரிசையாக மலையைச் சுற்றித் திரும்பிப் பாலத்தைத் தொட்டால் கோப்பை அவளுக்கு. கூட்டம் திரும்பினால் வெளி ஓரத்தில் இருப்பது நடந்த தூரம்தான் மொத்தக் கூட்டத்துக்கும் கணக்கு. எட்டு இஞ்சுக்கு மேல் போகக் கூடாது. "ஓரத்துக் குதிரைய நல்லா அளங்க சார்" என்று தபால்காரத் தம்பி கெஞ்சினார். டெய்லர் தம்பி வளைவில் நாடாவை வைத்தார். "எட்டு. தொட்டாச்சு" என்றார்.

கோப்பை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் ஏறியது. நான் சும்மா இருந்தேனா? மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் கையில்கூடக் கொடுத்து, தூக்கிப் பார்க்கச் சொன்னேன்!

மூன்று வாரம் கழித்து டெய்லர் தம்பி வீட்டுக்கு வந்தார். கையில் பாதி தைத்த சட்டைக் கை.

"அக்கா, இந்த வளைவத் தைக்கும்போதுதான் உறைச்சது. துணியில நான் ஓரத்த அளக்க மாட்டேன். ஒரு இஞ்ச் உள்ள தள்ளி, தையல் ஓடுற இடத்ததான் அளப்பேன். அன்னைக்கும் கை அப்படியே போயிடுச்சு. ஓரத்துல இருந்த ஆறாவது குதிரைய நான் அளக்கவே இல்ல."

"அதுக்கு இப்ப என்ன தம்பி?"

"ஞாயித்துக்கிழமை எழுந்து சொல்லணும் அக்கா."

"பிள்ளைக்குப் பரீட்சை. முடியட்டுமே."

பரீட்சை முடிந்தது. லீவு முடியட்டும் என்றேன். லீவு முடிந்தது. அவள் பிறந்தநாள் போகட்டும் என்றேன். "பிள்ளை மனசு உங்களுக்குத்தான் தெரியும். நீங்க சொல்லுங்க, அப்புறம் சொல்றேன்" என்று ஒவ்வொரு தடவையும் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அதன்பிறகு அவர் நடுவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. கேட்டவர்களிடம் முதுகு வலி என்றார். முதுகு வலியா? இல்லை! என் பெருமைதான் அவர் முதுகில் உட்கார்ந்திருந்தது!

போன புதன்கிழமை வந்தார். "இந்த ஞாயிறு சொல்லிடட்டுமா அக்கா?" என்றார்.

"அடுத்த ஞாயிறு பார்க்கலாம் தம்பி" என்றேன்.

அவர் கேட்ட ஞாயிறு இதுதான். அவர் சொல்ல வேண்டிய இடத்தில் நான் நிற்கிறேன். நான் சொன்னால் அது அவர் சொன்னதாகுமா? ஆகாது. இதை இனி எந்த நாடா கொண்டு சரி செய்வது? எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிகிறதா?

காலையில் பேத்தியிடம் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் ஆறு குதிரைகளை வைத்து அளந்தாள். மறுபடியும் அளந்தாள். "ஒண்ணரை இஞ்ச் கூட வருது பாட்டி. பாலம் அவரோடதுதான்" என்றாள். அதோ, கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள்.

தபால்காரத் தம்பி, மன்னித்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கோப்பையை வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டாம், ஆடித்தான் பார்ப்பேன் என்றாலும் அவள் தயார்.

சபையோரே! இந்த மன்றம் இனி ஓரத்தில் இருப்பதைத்தான் அளக்கும். தப்பு தெரிந்த அன்றே எழுந்து சொல்லும். அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளிப் போடாது. அவர் பேரில் இந்த உறுதியை நாம் எல்லோரும் எடுப்போம்.

தங்கச்சியிடம் கேட்டு அவருடைய கத்தரிக்கோலை வாங்கி வந்திருக்கிறேன். அவரைப் போலத் தட்ட எனக்கு வராது. இருந்தாலும் தட்டுகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று.

தப்பாச் சொல்லிட்டோம். அந்த இடத்துல இருந்து மறுபடி ஆடுங்க, பிள்ளைகளா.

அளக்கத்தான் ஆள் இல்லை.