நிறுத்துப் பார்க்கவும்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, மறைந்த நம் டாக்டரின் கணவர் அவர்களே, சீருடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருக்கும் என் செவிலியத் தங்கைகளே, மூன்றாம் வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும் தையல்கார அம்மா அவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

தலைமைச் செவிலியர் என்பதால் ஐந்து நிமிடம் புகழ்ந்து பேசச் சொன்னார்கள். நம் தராசு டாக்டரைப் புகழ்வதா கஷ்டம்? கர்ப்பிணி கதவுக்குள் நுழைந்ததும் எடை மேடையைத்தான் காட்டுவார். நாம் வைத்த பட்டப்பெயர் அவருக்குத் தெரியாதா? “தராசு வந்தாச்சுன்னு வார்டுல சொல்லு” என்று அவரே போனில் சொல்வார்!

ஒன்பது வருடத்துக்கு முன் இந்தத் தையல்கார அம்மா ஏழாம் மாதத்தில் வந்தார். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதனால் குழந்தை வளராது என்று வீட்டில் தினமும் ஏச்சு. “சாப்பிட்டாலும் குத்தம், விட்டா நானே இருக்க மாட்டேன். எங்க போவேன் டாக்டர்?” என்று அழுதார்.

டாக்டர் பொய் சொல்லவில்லை. “மாத்திரையால குழந்தை எடை கொஞ்சம் குறையலாம்மா. ஆனா நீ சோறு தூக்கம் இல்லாம கெடந்தாலும் குறையும். மாத்திரைய நீயா விடாத. நாம ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கலாம்” என்றார்.

நோயாளிக்கும் புரிய வேண்டும் என்று தமிழிலேயே எழுதுவார் அல்லவா? அன்று சீட்டில் எழுதினார்: ‘மாத்திரை உண்பவர். இரண்டு வாரம் நிறுத்துப் பார்க்கவும்.’ ‘நிறுத்து’ என்றால் எடை போட்டு. இரண்டு வாரம் எடை போட்டுப் பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான்.

மறுநாள் அந்தச் சீட்டை வாங்கிய ஒரு செவிலி ‘நிறுத்திப் பார்க்கவும்’ என்று படித்தாள். “டாக்டர் மனசு மாறிட்டாங்கம்மா, மாத்திரைய நிறுத்திடுங்க” என்று சொல்லியும் அனுப்பினாள். டாக்டரை ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்கவில்லை!

பதினோராம் நாள் இந்த அம்மாவை அவருடைய கணவர் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மாவுக்குப் பேச்சில்லை, மூன்று கிலோ குறைந்திருந்தார். குழந்தை முன்கூட்டியே, ஒரு கிலோ எண்ணூறு கிராமாகப் பிறந்தது.

விசாரணையில் டாக்டர் சொன்னது ஒரே வரி: “என் எழுத்துதான் காரணம்.” துறைத்தலைவர் பதவி போனது. அந்தச் செவிலியைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, “நீ வாயத் தொறந்தா வேலை போயிடும். அப்புறம் இந்த வார்டுல யாரு இருக்கா? பேசாம போய் எடை போடு” என்றார்.

கருணைதான். ஆனால் அதற்குள் நான் அடைபட்டுப் போனேன். ஆம், அந்தச் செவிலி நான்தான்! பேசினால் அவர் சொன்னது பொய்யாகிவிடும். பேசாவிட்டால் நான் மனுஷியே இல்லை. ஒன்பது வருடம் அவருக்குத் தினமும் வணக்கம் சொன்னேன், மன்னிப்பை மட்டும் சொல்ல முடியவில்லை. இப்போது கேட்க அவர் இல்லையே!

டாக்டர், உங்கள் வேலையை நாங்கள் தொடர்வோம். இனி நம் வார்டில் எந்தச் சீட்டையும் தாய்க்கு முன்னால் உரக்கப் படிப்போம். சந்தேகம் வந்தால் எழுதியவரையே கேட்போம். விசாரணைக் கோப்புக்கு என் வாக்குமூலத்தை எழுதி எடுத்து வந்திருக்கிறேன். தலைவர் அவர்களே, இதோ.

தையல்கார அம்மா, மாத்திரையை நிறுத்தச் சொன்னது டாக்டர் இல்லை. உங்கள் மகளிடம் அதைச் சொல்லுங்கள். அஞ்சலி உரை முடிந்தது, ஆனால் நான் உட்காரப் போவதில்லை. நீங்கள் என்னைக் கேட்க வேண்டியதைக் கேட்கும் வரை இங்கேயே நிற்கிறேன்.