மூன்றாவது சுற்றில் சொன்னது

— "உங்க சாமி மன்னிக்குமா?"ன்னு காலையில உதவிக்கு வர்ற நர்ஸ் போஷெனா என்கிட்ட ஒருதடவை கேட்டா அக்கா. ஈவரைக் குளிப்பாட்டிட்டு வந்து, கையைத் துடைச்சுக்கிட்டே கேட்டா.

— ஆக, என்னதான் சொன்னே?

— காப்பி வேணுமான்னு கேட்டேன்.

— நல்ல பதில்தான். எனக்கும் ஊத்து.

— உன்மேல மீன் வாடை அடிக்குது.

— ஆலையிலேர்ந்து நேரா வரேன்டி. குளிச்சுட்டு வந்தா மூணு மணி தாண்டியிருக்கும். நீ போன்ல அழுத அழுகைக்கு எங்க குளிக்கிறது?

— நான் அழல.

— சரி, மூக்கு ஒழுகுச்சு. மூணு மணிக்கு என்ன, அதைச் சொல்லு.

— வண்டி வருது, போஷெனாவும் கூட வரா. வளைகுடா முனையில இருக்குற பராமரிப்பு இல்லத்து வண்டி. ஒரு அறை காலியாயிருக்காம். இன்னிக்கு அவரை ஏத்திவிட்டா உண்டு. இல்லேன்னா வரிசையில அடுத்த ஆளுக்குப் போயிடும், அப்புறம் எப்போன்னு தெரியாதுன்னு சொல்லிட்டாங்க.

— உன் புருஷனை ஏத்திவிடப் போறியா?

— அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன். என் சத்தியத்துலேர்ந்து என்னை அவிழ்த்துவிடு அக்கா. நீதானே பூசாரி.

— கதவைச் சாத்திட்டுப் பேசு. பக்கத்து அறையிலதான் உக்காந்திருக்காரு.

— கேக்கட்டும். பாதிதான் புரியும்னு டாக்டர் சொல்லிட்டாரு.

— எந்தப் பாதின்னு சொன்னாரா?

— அக்கா, விளையாடாத. போன செவ்வாக்கிழமை கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு மாத்தும்போது என் இடுப்பு பிடிச்சுக்கிச்சு. அவரு கீழ, நான் மேல. ரெண்டு மணி நேரம் அப்படியே தரையில கிடந்தோம். போன் மேஜைமேல. பூனை வந்து எங்களைச் சுத்திப் பாத்துட்டு, வாசல் கல்லுல குடியிருக்குற நம்ம கல்லுக்காரருக்கு வெச்ச வெண்ணெய் ரொட்டியைத் தின்னுட்டுப் போச்சு.

— ரெண்டு மணி நேரமா? ஏன்டி எனக்குச் சொல்லல?

— சொன்னா நீ என்ன செய்வே? மாட்டுக் கொம்புல பீர் ஊத்தி எடுத்துட்டு வருவே. இடிச் சாமி தோர் பலம் குடுக்கட்டும்பே. எனக்கு வேண்டியது பலம் இல்ல. எனக்குத் தூக்கம் வேணும். ராத்திரிக்கு நாலு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும். ரெண்டு வருஷம் ஆச்சு, நான் கனவு கண்டு.

— ம்.

— சும்மா ம் கொட்டாத. என்னால முடியல. அவ்வளவுதான். வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல, முடியல.

— கேளு ஸ்வாலா. அன்னிக்கு நீ சொன்ன வார்த்தை உனக்கு ஞாபகம் இருக்கா?

— எப்படி மறக்கும்? குளிர்கால யூல் விருந்து. முதல் சுத்து சாமிங்களுக்கு, ரெண்டாவது சுத்து செத்தவங்களுக்கு, மூணாவது சுத்து சத்தியத்துக்கு. கெஸ்துர் இனிமே சிகரெட்டைத் தொடமாட்டேன்னு சொன்னான். தோரா படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன்னா. கொம்பு எங்கிட்ட வந்துச்சு. அவரு ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து நாலு நாள்தான் ஆகியிருந்துச்சு, வாய் கோணிப்போய் உக்காந்திருந்தாரு. நான் நம்ம சத்திய வளையத்துமேல கைவெச்சு, "என் உடம்புல தெம்பு இருக்குற வரைக்கும் உன்னை வேற கூரைக்குக் கீழ தூங்க விடமாட்டேன்"னு சொன்னேன். எல்லாரும் அழுதாங்க. நீயும் அழுதே.

— நான் அழல. நான் தூங்கிட்டிருந்தேன்.

— என்னது?

— அந்த வாரம் ரெண்டு கப்பல் ஒண்ணா வந்துச்சு. பதினாலு மணி நேரம் நின்னு மீன் வெட்டிட்டு, கையுறையைக் கழட்டிட்டு நேரா வந்து கொம்பை எடுத்தேன். கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்கினேன் ஸ்வாலா. மூணாவது சுத்துல பூசாரிக்கு ஒரே வேலைதான். யாராவது தாங்கமுடியாத வார்த்தையைச் சொல்ல வந்தா, கொம்பைப் பிடிச்சு நிறுத்தணும். "இரு, சின்னதாச் சொல்லு"ன்னு சொல்லணும். நான் நிறுத்தல. எல்லாரும் "கேட்டோம்"னு மேஜையைத் தட்டின பிறகுதான் முழிச்சேன்.

— ரெண்டு வருஷமா இதை எங்கிட்ட சொல்லவேயில்ல.

— எப்படிச் சொல்வேன்? நீ அவரைத் தூக்கறதைப் பாக்கும்போதெல்லாம் தொண்டை வரைக்கும் வரும்.

— அப்போ உன் தப்பு. உன் தப்பை நீயே அவிழ்த்துவிடு.

— முடிஞ்சா இந்தக் காப்பி ஆறதுக்குள்ள அவிழ்த்திருப்பேன். என்கிட்ட அந்த அதிகாரம் இல்ல. சாமிக்கும் இல்ல. சத்தியத்துக்கான தேவி வார் அதைக் கேட்டு வெச்சுக்குவா, அவ்வளவுதான். யாருக்குக் குடுத்தியோ அவருதான் "விட்டேன்"னு சொல்லணும். சாட்சியாக் கேக்க ஒரு ஆளு இருந்தாப் போதும்.

— அவரு சொல்லணும்.

— ஆமா.

— ஈவர் சொல்லணும். அவரு வாயில மிச்சம் இருக்குறது ஒரே ஒரு வார்த்தை. சோறு வேணுமான்னு கேட்டா பிசாசேம்பாரு. குளிருதான்னு கேட்டாலும் பிசாசேதான். தோரோட சம்மட்டியைக் கழுத்துல போட்டுக்கிட்டு, தேவாலயத்துப் பக்கமே போகாத மனுஷனுக்கு, மூளையில ரத்தம் கசிஞ்சப்போ தப்பிச்சது அந்தப் பாதிரியாரோட பிசாசு மட்டும்தான்.

— சிரிக்காத. எனக்கும் சிரிப்பு வருது.

— சிரிச்சுத் தொலை. எனக்குத் தெம்பில்ல.

— தெம்பு இருக்குற வரைக்கும்னுதானே சொன்னே. இப்போ இல்ல. அப்படி வெச்சுக்கலாமே?

— அதையும் யோசிச்சுப் பாத்துட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு அவரைப் புரட்டிட்டு யோசிப்பேன். தெம்பில்லேன்னு முடிவு பண்ணுவேன். அப்புறம் நாலு மணிக்கு எழுந்து மறுபடி புரட்டுவேன். அப்போ தெம்பு இருக்குன்னுதானே அர்த்தம்?

— நீயே உனக்கு எதிரா வக்கீலு.

— சும்மா அனுப்பிட்டா என்ன ஆகும்? நேராச் சொல்லு. நமக்கு நரகம் கிடையாது. யாரும் சூட்டுக்கோல் வெச்சுக்கிட்டு நிக்கப்போறதில்ல.

— ஒண்ணும் ஆகாது. அடுத்த யூலுக்கு வருவே. எல்லாரும் உன்னைக் கட்டிப்பிடிப்பாங்க. "நீ செஞ்சது சரிதான்"னு கெஸ்துர் வெளியில நின்னு சிகரெட் பிடிச்சுக்கிட்டே சொல்லுவான். மூணாவது சுத்துல கொம்பு உங்கிட்ட வரும். நீ பேசாம பக்கத்து ஆளுகிட்ட குடுப்பே. அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் குடுப்பே.

— அதான் எனக்குத் தெரியுமே. வேற யாருக்கும் தெரிய வேணாம், எனக்குத் தெரியும். நாம பதினோரு பேரு. நம்மகிட்ட கோயில் இல்ல, புஸ்தகம் இல்ல. ஒருத்தர் சொன்னா சொன்னதுங்கறது ஒண்ணுதான் இருக்கு. அதையும் நான் உடைச்சா அப்புறம் நான் யாரு?

— சரி, அந்த வளையம் எங்க இப்போ?

— எங்க இருக்கும்? அவரு இடது கையில. அன்னிக்குப் பிடிச்ச பிடி.

— அன்னிக்கே நான் வாங்கியிருக்கணும். விரலைப் பிரிக்கப் பாத்தேன், விடல. பாவம், வெச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். இந்த ரெண்டு வருஷமா படகு கட்டற இரும்பு வளையத்தை வெச்சுத்தான் எல்லாச் சடங்கும் நடக்குது. தோரா பேத்திக்குப் பேரு வெச்சது அதுமேலதான். குழந்தை கையெல்லாம் துரு.

— நீ துருவைப் பத்திச் சொல்றே. எனக்கு அந்தச் சத்தம். தினம் சாயங்காலம் நான் தட்டைக் கழுவிட்டு உக்காந்தா போதும், மோட்டார் நாற்காலியை ஓட்டிக்கிட்டு வருவாரு. வளையத்தை என் முன்னாடி மேஜையில டொக்குனு வெப்பாரு. பிசாசேன்னு சொல்லுவாரு. நான் எடுத்து அவரு மடியில திருப்பி வெப்பேன். "ஞாபகம் இருக்கு ஈவர், எங்கயும் அனுப்பமாட்டேன்"னு சொல்லுவேன். மறுபடி டொக்கு. மறுபடி பிசாசு. சில நாளு பத்து தடவை. கடன்காரன் வாசல்ல நிக்கற மாதிரி, தினமும் ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்காரு.

— பயமா இருக்கும் அந்த மனுஷனுக்கு. நீ விட்டுட்டுப் போயிடுவேன்னு.

— தெரியும். அதனாலதான் கோபம்கூட வரமாட்டேங்குது. வந்தா கொஞ்சம் நல்லா இருக்கும்.

— கதவு தட்டற சத்தம். மணி மூணு ஆகலியே?

— போஷெனாவாத்தான் இருக்கும். உள்ள வா போஷெனா, தொறந்துதான் இருக்கு.

— வணக்கம் ஸ்வாலா. வணக்கம் யோடிஸ், அக்கா நீங்களும் வந்திருக்கீங்க. நான் சீக்கிரம் வந்துட்டேன், சரியா? ரோட்ல பனி இல்ல. டிரைவர் வண்டியில இருக்கார். அவசரம் இல்ல. நீங்க யோசிங்க.

— செருப்பைக் கழட்டிட்டு உக்காரு. காப்பி இருக்கு.

— நான் நின்னுக்கிறேன். ஈவர் வெளிய கல்லுகிட்ட இருக்கார். கோப்பையிலேர்ந்து காப்பி ஊத்துறார். தினம் ஊத்துவார், எனக்குத் தெரியும், சரியா? கோட்டு போட்டுவிட்டீங்க, நல்லது. ஒரு கை மட்டும்தான் போட்டிருக்கு. இன்னொரு கை தொங்குது.

— கோட்டா? நான் போட்டுவிடலியே. நீ போட்டியா அக்கா?

— நான் எங்க போட்டேன்? வந்ததுலேர்ந்து இங்கதான் உக்காந்திருக்கேன்.

— தானா போட்டாரா? ஒரு கையால ஒரு சட்டையைப் போட அரை மணி ஆகுமே.

— நாம அரை மணியாத்தான் பேசிட்டிருக்கோம் ஸ்வாலா.

— சரி விடு, கல்லுக்காரருக்கு ஊத்திட்டு வருவாரு. போஷெனா, உன்னை ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நீ கேட்டியே, உங்க சாமி மன்னிக்குமான்னு. ஏன் கேட்டே?

— அது... அவர் வளையம் குடுத்ததால கேட்டேன், சரியா?

— யாரு குடுத்தது?

— ஈவர். காலையில குளிப்பாட்டும்போது குடுப்பார். என் கையில வெச்சு, என் விரலை மூடுவார். அப்புறம் உங்க அறைப் பக்கம் கையைக் காட்டுவார். பிசாசேம்பார். நான் நினைச்சேன், ஏதோ தப்பு பண்ணிட்டார், அவர் பெண்டாட்டிகிட்ட மன்னிப்பு கேக்கணும், வெட்கமா இருக்கு, என்னைக் கொண்டுபோய்க் குடுக்கச் சொல்றார்னு. எங்க ஊர்ல புருஷங்க அப்படித்தான், சரியா? அது உங்க சாமி சாமான்னு நீங்கதான் சொல்லியிருந்தீங்க. தொடக்கூடாதோன்னு பயந்து, நான் திருப்பி அவர் மடியிலயே வெச்சேன்.

— எத்தனை தடவை?

— தினம். ஒரு வருஷம் இருக்கும்.

— ஸ்வாலா, சாயங்காலம் அவரு வளையத்தை மேஜையில தட்டுவாரா, இல்ல உன் பக்கமாத் தள்ளுவாரா? யோசிச்சுச் சொல்லு.

— டொக்குனு வெப்பாரு...

— வெச்சுட்டு?

— தள்ளுவாரு. என் கோப்பை வரைக்கும் தள்ளுவாரு. கையை எடுத்துக்குவாரு.

— கையை எடுத்துக்குவாரா?

— நான் திருப்பிக் குடுப்பேன் அக்கா. ஒவ்வொரு நாளும் நான்தான் எடுத்து அவரு மடியில திருப்பி வெச்சேன்.

— எழுந்திரு. போய் அவரைக் கூட்டிட்டு வா. விட்டேன்னுதான் சொல்றாரான்னு நான் கேக்கறேன், நான் பூசாரி. வார்த்தை இல்லேன்னா பரவால்ல, தலையை ஆட்டட்டும், அது போதும். இந்தத் தடவை நான் முழிச்சுக்கிட்டிருக்கேன்.

— போஷெனா, நீ போய் அவரை உள்ள வரச் சொல்லு. ஈரத்துல நாற்காலி சறுக்கும்.

— போறேன். சரியா, நீங்க உக்காருங்க.

— அக்கா, அவரு வேணாம்னு சொல்றாருன்னா என்ன அர்த்தம்? என்னோட இருக்க வேணாம்னா?

— நீ கீழ விழுந்தா உன்னைத் தூக்க அவரால முடியாது. ரெண்டு மணி நேரம் உன் முகத்தைப் பக்கத்துல பாத்துக்கிட்டுக் கிடந்திருக்காரு. அதுதான் அர்த்தமா இருக்கும். எனக்கென்ன தெரியும்? நான் மீன் வெட்டறவ.

— இரு, நானே போறேன். என் பூட்ஸ் எங்க? இதோ. ஒருநாளும் நேரா கிடக்காது, இன்னிக்கு பாரு, வாசலைப் பாக்கத் திருப்பி வெச்சிருக்கு.

— என்னடி? ஏன் தரையில உக்காந்துட்டே?

— காலு உள்ள போகல.

— கல்லு கில்லு விழுந்திருக்கும், கவுத்துப் பாரு.

— கல்லு இல்ல.

— குடு இங்க. ஓ. ஆக, வளையத்தை இங்க வெச்சிருக்காரா?

— இங்க வெச்சா நான் திருப்பிக் குடுக்க முடியாதுல்ல. அவரு பக்கத்துல இருக்கமாட்டாருல்ல.

— போஷெனா கூப்பிடறா பாரு. என்ன போஷெனா?

— ஸ்வாலா, அவர் வண்டியில ஏறிட்டார். டிரைவர் சொல்றார், அவரே வந்து நாற்காலியை ஏத்துற தூக்குப் பலகையைக் கையால தட்டிக் காட்டினாராம். நான் எறங்கச் சொன்னேன், கேக்கல. பெல்ட்டைக் கெட்டியாப் பிடிச்சிருக்கார். என்ன செய்யணும்? நீங்க இன்னும் சரின்னு சொல்லல, நான் நிறுத்தறேன், சரியா?

— நிறுத்தாத.

— ஸ்வாலா, நிஜமாவா?

— நிறுத்தாத போஷெனா. தொங்குற கோட்டுக் கையை மட்டும் மாட்டிவிடு. அந்தப் பக்கம் அவருக்குக் குளிரே தெரியாது. நாங்க பின்னாடியே அக்கா கார்ல வரோம்னு சொல்லு.

— நீ வாசல் வரைக்கும் வாயேன்டி. வண்டி கிளம்புது.

— முடியல. நீ பாத்துச் சொல்லு அக்கா. என்ன பண்றாரு?

— ஜன்னல் வழியா இந்தப் பக்கம்தான் பாக்கறாரு. இடது கையைத் தூக்கிக் காட்டறாரு. வெறும் கை, விரலை விரிச்சு.

— என்ன சொல்றாரு? வாய் அசையுதா?

— இல்ல ஸ்வாலா. வண்டி வளைவுல திரும்பிடுச்சு. பிசாசுன்னுகூடச் சொல்லல.