மணல் கணக்கைத் தூங்க வைத்தல்

ஜானவி: தொடாதே சுமந்த். அந்தப் புரோகிராமை மூடினா இத்தனை நாள் ஓடின கடற்கரை மணல் கணக்கும் போச்சு.

சுமந்த்: மூடலைடி. ஓரமா நகர்த்தினேன். எனக்கும் டைப் பண்ண இடம் வேண்டாமா?

ஜானவி: உனக்கு உன் லாப்டாப் இருக்கே.

சுமந்த்: ஹைபர்னேட் பண்ண வேண்டியது உன் கம்ப்யூட்டரை. என் லாப்டாப்பைத் தூங்க வெச்சு என்ன பிரயோஜனம்?

ஜானவி: சரி, என்ன பண்ணப் போறேன்னு சொல்லு. எனக்குப் புரியற மாதிரி.

சுமந்த்: எட்டாம் கிளாஸ்லேர்ந்து ஸ்கூல்ல இதே லினக்ஸ் படிச்சவ நீ. நீன்னா எனக்குச் சொல்லித் தரணும்.

ஜானவி: அங்கே அதுல படம் வரையத்தான் சொல்லித் தந்தா. தூங்க வெக்க இல்லை.

சுமந்த்: மெமரியில ஓடிண்டிருக்கறதை எல்லாம் அப்படியே டிஸ்க்ல எழுதி வெச்சுட்டு மிஷின் அணைஞ்சுடும். பிளக்கைக்கூடப் பிடுங்கிடலாம். நீ வந்து ஆன் பண்ணினா விட்ட இடத்துலேர்ந்து ஓடும்.

ஜானவி: ஓடும்னு சொல்றியா, ஓடணும்னு சொல்றியா?

சுமந்த்: யோசுவா ஓடும்ங்கறான். டெக்னோபார்க் ஐடி கம்பெனியில அவனுக்கு இதுதானே வேலை.

ஜானவி: அதுக்குத்தான் காலம்பறலேர்ந்து போனும் கையுமா இருக்கியா?

சுமந்த்: பின்னே? ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் கேட்டுக்கறேன்.

ஜானவி: ஒரு தடவை வெறுதே, சும்மா ஒத்திகையாப் பண்ணிப் பாக்க முடியாதா?

சுமந்த்: கணக்கு ஓடிண்டிருக்கற வரைக்கும் முடியாது. பண்ணினா இதுவும் சேர்ந்துதான் தூங்கும். முதல் தடவையே நிஜம்.

ஜானவி: எங்க கைடு சார் இந்தப் புரோகிராமை எழுதறச்சே நடுவுல சேவ் பண்ண ஒரு வழி வெச்சிருக்கலாம்.

சுமந்த்: அவராத்துல யாருக்கும் பிரசவம் இல்லை போலிருக்கு.

ஜானவி: சிரிக்காதே. வியாழக்கிழமை நான் அட்மிட் ஆயிட்டா ஆத்தைப் பூட்டிண்டு எல்லாரும் ஆஸ்பத்திரியிலதான். இந்தத் துலாவர்ஷ இடி மழையில மிஷினை ஓட விட்டுட்டுப் போக முடியுமா? நேத்திக்கு இடியில எதிராத்து டிவி போச்சு.

சுமந்த்: அதனாலதானே இன்னிக்கே உக்காந்திருக்கேன்.

ஜானவி: இதுக்கு இன்னும்...

சுமந்த்: என்ன?

ஜானவி: ...

சுமந்த்: ஜானு?

ஜானவி: ஒண்ணுமில்லை. முதுகு பிடிச்சிண்டது. என்ன கேக்க வந்தேன்... ஆங், இன்னும் என்ன பாக்கி?

சுமந்த்: இரு, யோசுவாகிட்ட ஒண்ணு கேட்டுக்கறேன்... சரி. எழுதி வெக்க இடம் போறலை. ஸ்வாப்னு ஒதுக்கி வெச்சிருக்கறது ரொம்பச் சின்னது. பெரிசா ஒண்ணு பண்ணணும். டிஸ்க்ல எதையாவது அழிச்சாத்தான் உண்டு.

ஜானவி: என் ஃபைல் எதையும் தொடாதே.

சுமந்த்: தொடலை. பாக்கியில பெரிசு நம்ம கல்யாண வீடியோதான்.

ஜானவி: அழி.

சுமந்த்: யோசிக்கக்கூட இல்லையே நீ.

ஜானவி: உங்கம்மாகிட்ட ஒரு காப்பி இருக்கு. வரவா போறவாளுக்கெல்லாம் போட்டுக் காட்டறா.

சுமந்த்: நலங்குல நீ பாடினது...

ஜானவி: அதுக்காகவே அழி.

சுமந்த்: அழிச்சாச்சு. ஸ்வாப் ஃபைலும் பண்ணியாச்சு. இனி இந்த ஃபைல் டிஸ்க்ல எங்கே ஆரம்பிக்கறதுன்னு ஒரு நம்பர் எழுதி வெக்கணும். மிஷின் எழுந்துக்கறச்சே அதைப் படிச்சுட்டு நேரே அங்கே போய்த் தேடும். நம்பர் தப்பினா எல்லாத்தையும் மறந்துட்டுப் புதுசா எழுந்துடும்.

ஜானவி: காட்டு... நீ எந்த நம்பரை எழுதியிருக்கே?

சுமந்த்: முதல் வரியில இருக்கறதை.

ஜானவி: அது ஃபைலோட முதல் துண்டு முடியற இடம். ஆரம்பிக்கற இடம் இதோ, அதுக்கு இடது பக்கம்.

சுமந்த்: அட... ஆமாம்.

ஜானவி: நான் பாக்கலைன்னா?

சுமந்த்: கணக்கு போயிருக்கும்.

ஜானவி: எவ்வளவு லேசாச் சொல்றே. மனசு எங்கே இருக்கு உனக்கு?

சுமந்த்: இங்கேதான் இருக்கு, எங்கே போகும்? மாத்திட்டேன், பாரு. அப்படியே இது போனாலும் திரும்ப ஓட விட்டாப் போச்சு.

ஜானவி: குழந்தையை வெச்சிண்டா? எங்க லேப்ல செல்லபாய் சேச்சி ஆறு மாசத்துல வரேன்னு சொல்லிட்டுப் பிரசவத்துக்குப் போனா. அவ மேஜையில இப்போ பிரிண்டர் இருக்கு.

சுமந்த்: நீ அப்படி இல்லை.

ஜானவி: அவளும் அப்படி இல்லைதான். எனக்கு பேடியா, பயமா இருக்கு சுமந்த். பிரசவத்தை நினைச்சு இல்லை. நான் திரும்பி வரச்சே இது எனக்காக விட்ட இடத்துல நிக்கணும். மறுபடி முதல்லேர்ந்துன்னா நான் உக்கார மாட்டேன். நாளைக்கு, நாளைக்குன்னு அப்படியே போயிடும்.

சுமந்த்: நிக்கும். நான் நிக்க வெக்கறேன்.

ஜானவி: அந்த நம்பரை... ... ...

சுமந்த்: மெதுவா.

ஜானவி: ... நம்பரை இன்னொரு தடவை படி. கால் மரத்துப் போச்சு, அதான் எழுந்து நிக்கறேன்.

சுமந்த்: நில்லு, நில்லு. மேஜையைப் பிடிச்சுக்கோ. யோசுவாகிட்ட ஒரு வார்த்தை...

ஜானவி: யோசுவாவை விடு. நம்பரை நான் பாத்தாச்சு. மதி, அது போறும்.

சுமந்த்: அனுப்பிட்டேன். அடுக்களையிலேர்ந்து அம்மா அடை வார்க்கட்டுமான்னு கேக்கறா.

ஜானவி: இப்போ வேண்டாம்னு சொல்லு.

சுமந்த்: அடையை வேண்டாங்கறியா? நீயா?

ஜானவி: பசியில்லை. வேலையைப் பாரு. இடி கேக்கறது.

சுமந்த்: கடல் பக்கம்தான். எல்லாம் தயார். பண்ணட்டுமா?

ஜானவி: இரு. இப்போ எவ்வளவு காட்டறது?

சுமந்த்: அறுபத்தெட்டு சதவீதம்.

ஜானவி: நல்ல இடம். கணக்குல இப்போ, மழைக்காலத்துல கரையை விட்டுப் போன மணல் திரும்பி வர ஆரம்பிச்சிருக்கும். சரி... பண்ணு.

சுமந்த்: நீயே அமுக்கு.

ஜானவி: ... அமுக்கிட்டேன். அணைஞ்சுடுத்து.

சுமந்த்: இல்லை, இன்னும் எழுதிண்டிருக்கு. அந்தக் குட்டி விளக்கு மினுக்கறது பாரு... இப்போதான் அணைஞ்சுது. பிளக்கைப் பிடுங்கறேன்.

ஜானவி: அது எதுக்குடா?

சுமந்த்: நிஜமா அணைஞ்சாத்தானே நிஜமா எழுந்துக்கறதான்னு தெரியும்... சொருகியாச்சு. ஆன் பண்றேன்.

ஜானவி: கறுப்பா இருக்கு.

சுமந்த்: கொஞ்ச நேரம் இருக்கும். டிஸ்க்லேர்ந்து படிக்கணுமே.

ஜானவி: இன்னும் கறுப்பாவேதான்... ...

சுமந்த்: என் கையைப் பிடிச்சுக்கோ.

ஜானவி: ...

சுமந்த்: விடாதே. நன்னா அழுத்திப் பிடி.

ஜானவி: ... ... என்ன வந்திருக்கு? நான் கண்ணை மூடிண்டிருக்கேன்.

சுமந்த்: திறந்து பாரு.

ஜானவி: அறுபத்தெட்டு.

சுமந்த்: ம்.

ஜானவி: கடைசி நம்பர் மாறறது. சுமந்த், ஓடறது.

சுமந்த்: ஓடறது. அழாதேடி.

ஜானவி: அழலை. சந்தோஷமா இருக்கேன். இனி நான் எப்போ வந்தாலும் வரலாம்.

சுமந்த்: வரலாம். குழந்தையை நான் பாத்துக்கறேன், நீ இங்கே உக்காரு.

ஜானவி: இப்போ திரும்பத் தூங்க வை. பிளக்கையும் எடுத்துடு.

சுமந்த்: வியாழக்கிழமைக்குத்தான் இன்னும் நாள் இருக்கே?

ஜானவி: கோச்சுக்காதே. காலம்பறக் காப்பி குடிக்கறச்சேயே வலி ஆரம்பிச்சாச்சு. சொன்னா நீ இதைப் பாதியில போட்டுட்டு என்னை அள்ளிண்டு ஓடியிருப்பே. அதான் சொல்லலை.

சுமந்த்: தெரியும். யோசுவா இதையெல்லாம் போன வாரமே சொல்லிக் குடுத்துட்டு ஊருக்குப் போயாச்சு. நீ பேச்சை நிறுத்தறப்போல்லாம் நான் மெசேஜ் அனுப்பினது உன் டாக்டருக்கு. முதல் பிரசவம், இன்னும் நேரமிருக்கு, அவ கையில இருக்கற வேலையை முடிக்கட்டும்னு சொல்லிண்டே இருந்தா. இப்போதான் கூட்டிண்டு வரச் சொல்லியிருக்கா. நீ என் தோளைப் பிடிச்சிண்டு நில்லு, இதைத் தூங்க வெச்சுட்டுக் கிளம்பலாம்.