குளிசைக்கு முன் நேரம் கேட்டவர்

முன்வரிசையில் துயரோடு இருக்கும் கோகுலன் தம்பி அவர்களே, மேடையை அலங்கரிக்கும் வைத்திய அதிகாரி அவர்களே, வயல் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் ஸ்கந்தபுரத்து உறவுகளே! தாதிய உத்தியோகத்தர் சுகந்தினி அவர்களைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதி குறைந்தவன் இந்த மண்டபத்தில் இல்லை. ஏனென்று சொல்கிறேன்.

நான் முப்பது வருடம் அரச மருந்தாளராக இருந்தவன். எங்கள் ஊரில் உப்பும் தேங்காயும் மட்டுமா கைமாறும்? கிளினிக் குளிசையும் கைமாறும்! இரண்டு வருடங்களுக்கு முன், அறுவடை நாளில், அதோ இருக்கும் கணபதி வயலில் சரிந்தார். வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. பாரிசவாதம் என்று எனக்குத் தெரிந்தது. இரத்தம் உறையாமல் தடுக்கும் அஸ்பிரின் குளிசையை, எனக்குக் கிளினிக்கில் தந்த மருந்துப் பையிலிருந்து எடுத்து, தண்ணீரில் கரைத்துக்கொண்டு ஓடினேன். படித்தவன் செய்த மடத்தனம்!

சத்தம் கேட்டு ஓடிவந்த சுகந்தினி கோப்பையைப் பறித்து வரம்பில் ஊற்றினார்.

"ஐயா, அடைப்போ ரத்தக்கசிவோ எண்டு ஸ்கான் எடுக்காமல் உங்களுக்கு எப்பிடித் தெரியும்? கசிவெண்டால் இது ஆளை முடிச்சுப்போடும். விழுங்கவும் ஏலாது, புரைக்கேறும்."

பிறகு கணபதியின் மனைவியிடம் திரும்பினார். "கமலேஸ்வரி அக்கா, கடைசியா எத்தினை மணிக்கு நல்லாக் கதைச்சவர்?"

"பத்தரைக்குத் தேத்தண்ணி கேட்டவர், பிள்ளை."

அந்த நேரத்தைக் கணபதியின் கையிலேயே பேனாவால் எழுதி அம்புலன்ஸில் ஏற்றினார். ஸ்கானில் அடைப்பு என்று தெரிந்தது. நேரமும் தெரிந்ததால், நாலரை மணித்தியாலத்துக்குள் மட்டுமே போடக்கூடிய, இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட முடிந்தது. மறுநாள் மீண்டும் ஸ்கான் எடுத்து, கசிவில்லை என்று கண்ட பிறகே அஸ்பிரின் தொடங்கினார்கள். அதே குளிசைதான்! கணபதி இன்று நடந்து வந்திருக்கிறார்.

எனக்கோ கோபம். மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் அவரே வந்தார். "ஐயா, இதை வீடு வீடாய்ச் சொல்லப் போறன். நீங்களும் வாங்கோ. நீங்கள் சொன்னால்தான் சனம் நம்பும்." போனேன். அவமானப்படுத்தியவரோடு அல்ல, என்னைக் காப்பாற்றியவரோடு போனேன்!

சென்ற மாதம் அந்த நோய் அவருக்கே வந்தது. கணவர் கோகுலனிடம் நேரத்தைச் சொல்லிவிட்டே நினைவிழந்தார். இரத்தக்கசிவு. எல்லாம் சரியாகச் செய்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. நெஞ்சு பொறுக்கவில்லை, உறவுகளே! அவர் தோற்றுவிட்டாரா?

கேளுங்கள். முந்தாநாள் காலை பக்கத்து வீட்டு ராஜினி வேலியடியில் நின்று கூப்பிட்டாள். "ஐயா, அம்மாக்குக் கை விழுந்திட்டுது. ஏழே காலுக்கு நல்லாக் கதைச்சவா. ஒண்டும் குடுக்கேல்லை. அம்புலன்ஸ் வருது." நான் சொல்லிக்கொடுக்க வேண்டிய எல்லாவற்றையும் அவளே செய்து முடித்திருந்தாள். அந்த அம்மா நேற்றுக் கையைத் தூக்கிவிட்டார்.

சுகந்தினி மகளே! உங்கள் வேலை நிற்காது. நாளைக் காலை கணபதியும் நானும் பக்கத்து ஊரான அக்கராயனில் வீடு வீடாய்த் தொடங்குகிறோம். முதல் வீட்டில் என் மடத்தனத்தை நானே சொல்வேன்.