பனிக்கு முன் எடுத்த நாடா

புல்வெட்டி வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் விலையைப் பார்ப்பார்கள். மலைப்பாதையில் வேலை செய்கிறவர்கள் எடையைப் பார்ப்பார்கள். வீட்டு முன்னால் இருக்கும் புல்லுக்கு எந்த இயந்திரமும் போதும். ஹேனிங் முகட்டுப் பாதையில் அதைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் ஏறிய பிறகுதான் வெட்ட ஆரம்பிக்கவே முடியும். சுழன்று புல்லை வெட்டும் நைலான் நரம்பு எவ்வளவு தடிமன், கல் தெறிக்காமல் தடுப்பு இருக்கிறதா, கைப்பிடி எப்படி என்பதெல்லாம் அப்புறம்.

வாக்குமூலம் கொடுக்க வந்தவள் புல்வெட்டியைப் பற்றிப் பேசுகிறாளே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் விஷயம் அங்கேதான் தொடங்கியது.

அந்தப் பாதையைப் பராமரிக்கும் எங்கள் சங்கத்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது. பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டு அவரவர் துண்டைப் பார்த்துக்கொள்வோம். கணவாயிலிருந்து இரண்டாவது ஓடையைத் தாண்டி முகடு வரைக்கும் ஹாய்ட் ப்ரூவிட்டுக்கும் எனக்கும். அவர் வெட்டுவார். நான் பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். அந்த இயந்திரத்துக்குப் பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். கொஞ்சம் கூடினால் புகையும், குறைந்தால் இயந்திரம் வெந்துவிடும். எனக்கு அது கைக்கணக்கு. சங்கத்தில் கிழவர் பர்ல் எப்போதும் சொல்வார்: "ஏம்மா வெர்னா, நீ கலக்குறத ஒரு மடக்கு குடிச்சா நானே முகடு வரைக்கும் ஏறிடுவேன் போல."

ஹாய்ட்டின் மனைவி இறந்து பல வருஷம் ஆகிறது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மதியம் ஓடைக்கரைப் பாறையில் உட்காருவோம். அவர் தன் தக்காளி சாண்ட்விச்சில் பாதியை ஒன்றும் சொல்லாமல் என் பக்கம் நீட்டுவார். மற்ற நேரம் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். பெட்ரோல் இயந்திரம் ஓடும்போது யாரும் யாரிடமும் பேச முடியாது. அது எனக்கு வசதியாக இருந்தது. பேசத் தேவையில்லாத அளவுக்கு நாங்கள் நெருக்கம் என்று நினைத்திருந்தேன்.

போன வசந்தத்தில் என் தங்கை கார்லீன் விவாகரத்து வாங்கிக்கொண்டு ரிச்மண்டிலிருந்து வந்தாள். என் வீட்டில்தான் தங்கினாள். சும்மா இருந்தால் மனசு கெடும் என்று நான்தான் அவளைப் பாதை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவளைக் கூட்டிப்போனது நான்தான்.

அவளுக்குக் குளவி கொட்டினால் ஆகாது. சின்ன வயதிலேயே தெரியும். என் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு ஆற்றங்கரைக்குப் போயிருந்தோம். அவளுக்கு ஒரு குளவி கொட்டியது. முகம் வீங்கி, தொண்டை அடைத்து, உதடு நீலமாகிவிட்டது. அப்பா அவளை அள்ளிக்கொண்டு காருக்கு ஓடினார். அம்மாவும் பின்னால் ஓடினாள். என்னைக் கூட்டிப்போக மறந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மா சொன்னதால் கேக்கை நானே வெட்டினேன். நல்ல கேக். அன்றிலிருந்து கார்லீன் எங்கே போனாலும் ஊசிமருந்து கூடவே இருக்கும். தொடையில் குத்திக்கொண்டால் மூச்சு திரும்பும்.

மே மாதம் சங்கத்துக்குப் புது புல்வெட்டி வாங்கப் பணம் கிடைத்தது. சர்ச் பின்புறத்துப் புல்லில் இரண்டு இயந்திரங்களை ஓட்டிப் பார்த்தோம். ஒன்று நாங்கள் வைத்திருந்தது மாதிரியான பெட்ரோல் இயந்திரம், வளையக் கைப்பிடி. இன்னொன்று பேட்டரியில் ஓடுவது. சைக்கிளுக்கு இருப்பதுபோல இரண்டு கைப்பிடி. இரண்டு தோளிலும் இடுப்பிலும் வாரை இறுக்கி, கொக்கி போட்டு மாட்டிக்கொள்ள வேண்டும்.

"அக்கா, இத மாட்டிப் பாரேன்," என்றாள் கார்லீன். "இடுப்புல குழந்தைய வச்ச மாதிரி இருக்கு. புகை இல்ல, நாத்தம் இல்ல. பேசிக்கிட்டே வெட்டலாம்."

"வார் மாட்டிக்கிட்டா அவசரத்துக்குக் கழட்ட முடியாதுடீ," என்றேன். "குளவி எழும்பிச்சுன்னா மெஷினக் கீழ போட்டுட்டு ஓடணும். பழசுன்னா அப்படியே போட்டுட்டு ஓடலாம்."

"நான் கடைசியா ஓடினது என் கல்யாணத்தன்னைக்கு. அன்னைக்கும் பிடிச்சுட்டாங்க," என்றார் பர்ல்.

"நான் எதுக்கு ஓடணும்?" என்றாள் கார்லீன். "ஹாய்ட் பின்னால ஒளிஞ்சுக்குவேன். நல்லா அகலமாத்தான இருக்காரு."

ஹாய்ட் சிரித்தார். காது மடல் வரைக்கும் சிவந்துபோய்ச் சிரித்தார். "என்னைய அலமாரின்னு சொல்றா, கேட்டியா வெர்னா? சரி போ, என் ஓட்டு இந்த மெஷினுக்கே."

அவருக்கு இப்படி ஒரு சிரிப்பு இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

நானும் கையைத் தூக்கினேன். தங்கச்சி சொல்றதுதான் சரி என்றேன். எல்லோருக்கும் ஆச்சரியம். அப்போதே மனதில் வைத்திருந்தாயா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. அப்போது விட்டுக்கொடுத்தேன், அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

பேட்டரி இயந்திரத்துக்குப் பெட்ரோல் வேண்டாம். கலக்கவும் வேண்டாம், கேன் தூக்க ஆளும் வேண்டாம். அவர்கள் இரண்டு பேரும் மாறி மாறி வெட்டிக்கொண்டு முன்னால் போனார்கள். வெட்டிய புல்லை வாரிக்கொண்டு நான் பின்னால் போனேன். பேச்சு என் காதுக்கு வரும், வார்த்தை புரியாது. சிரிப்பு மட்டும் புரியும். ஜூலையில் ஒருநாள் பாறையில் உட்கார்ந்திருந்தபோது ஹாய்ட் சாண்ட்விச்சில் பாதியை நீட்டினார். வாங்கிக்கொள்ள நான் கையை நீட்டினேன். அது என்னைத் தாண்டிப் போனது. நான் கையைத் திருப்பி முழங்காலில் இருந்த புல்லைத் தட்டிவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

இனி நாடாவைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் மஞ்சள் குளவி மண்ணுக்குள் கூடு கட்டும். ஆகஸ்டில் கூடு பெருத்துப் போயிருக்கும். மேலே நரம்பு சுழன்று தரையில் பட்டால் போதும், மொத்தமும் கிளம்பி வரும். அதனால் கூட்டைப் பார்க்கிறவர் பக்கத்துக் கிளையில் இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் நாடா கட்டுவார். நாடா இருக்கும் இடத்தில் யாரும் வெட்ட மாட்டார்கள். பனி விழுந்து கூடு செத்த பிறகு நாடாக்களை அவிழ்த்துக்கொண்டு வருவது எங்கள் துண்டில் என் வேலை. காட்டில் பிளாஸ்டிக் கிடக்கக் கூடாது.

அது நடந்த வாரம் ஹாய்ட் தனியாகப் பாதையைப் பார்த்துவிட்டு வந்து, மளிகைக் கடை வாசலில் என்னைப் பிடித்தார். சனிக்கிழமை வேலைக்கு வர மாட்டாராம், மகள் வீட்டுக்கு ரோனோக் போகிறாராம்.

"ரெண்டாவது ஓடை தாண்டி, சாஞ்ச ஓக் இருக்குல்ல, அதுக்குக் கீழ பெரிய கூடு," என்றார். "நாடா கட்டிட்டேன். கார்லீனுக்குப் போன் போட்டேன், எடுக்கல. மறக்காம நீ சொல்லிடு வெர்னா. அவளுக்கு ஆகாதுன்னு சொன்னா."

"எனக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும். இருந்தாலும் மனசு கேக்கல."

மனசு கேட்கவில்லையாம். அத்தனை வருஷம் நானும் அதே பாதையில் நடந்திருக்கிறேன். ஒரு தடவை ஓடைக்கல்லில் விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டேன். அன்று அவர் சொன்னது, "கேன் கவுந்துடுச்சா?" என்றுதான்.

நான் கார்லீனிடம் சொன்னேன். சொல்லவில்லை என்று யாரும் நினைக்கக் கூடாது. "ஹாய்ட் நாடா கட்டியிருக்காராம். நாடா இருக்கிற எடத்துல வெட்டாத," என்றேன்.

"எனக்காகவா கட்டினாரு?" என்றாள். சந்தோஷமாக இருந்தாள். "கண்ண அதுலயே வச்சுக்கிறேன் அக்கா."

எந்த மரம் என்று அவள் கேட்கவில்லை. நாடாதான் இருக்கிறதே.

வெள்ளிக்கிழமை காலை நான் நடக்கப் போனேன். நல்ல வெயில். ப்ளாக்பெர்ரி பழுத்திருந்தது, கொஞ்சம் பறித்தேன். சாய்ந்த ஓக் வரைக்கும் போய் அந்த நாடாவை எடுத்துக்கொண்டு வந்தேன். எப்படியும் நான்தான் எடுக்க வேண்டியது. இந்தத் தடவை பனிக்கு முன்னாலேயே எடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை நானும் அவளும் மட்டும். இயந்திரத்தின் வாரை அவள் தோளில் நான்தான் இறுக்கினேன். வார் மாட்டிய முதுகில் பை மாட்ட முடியாது. அதனால் அவள் பையை நான் வாங்கிக்கொண்டேன். "பாரம் எனக்கிருக்கட்டும், நீ முன்னால போ," என்றேன். அவள் என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

இரண்டாவது ஓடைக்கு முன்னால் மழைநீர் வடிகால் ஒன்று இருக்கிறது. இலை அடைத்திருந்தது. அதை வாரிக்கொண்டிருந்தேன். மேலே மோட்டார் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அப்புறம் நின்றது. பேட்டரி மாற்றுகிறாள் என்று நினைத்தேன். மாற்று பேட்டரி என் தோளில் இருந்த பையில்தான் இருந்தது. ஊசிமருந்தும் அதில்தான் இருந்தது.

அக்கா என்று கூப்பிட்டாள். பிறகும் கூப்பிட்டாள். நான் வடிகாலை வாரி முடித்தேன். பாதியில் விட்டால் அடுத்த மழையில் பாதையே அரித்துப் போய்விடும். சத்தம் எல்லாம் அடங்கிய பிறகு மேலே போனேன். இடுப்புக் கொக்கியைக் கழற்றியிருந்தாள். தோள்கொக்கி அப்படியே இருந்தது.

என் தங்கையைக் கொன்றது நான்தான். இதை வேறு மாதிரி எழுத வேண்டாம்.

அன்று உங்கள் ஆட்கள் விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். நானும் அத்துடன் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் ஹாய்ட் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச் முடிந்ததும் அந்த ஓக் மரத்தடியில் போய் உட்கார்ந்துவிடுகிறார். "முடிச்ச நான் சரியாப் போடல வெர்னா," என்று அழுகிறார். "காத்துல அவுந்து போயிருக்கு. என் கையாலதான் அவ செத்தா." நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். என் கை பட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை. பனி விழுந்தால் சரியாகிவிடுவார் என்று பார்த்தேன். பனியும் விழுந்துவிட்டது. செத்தவளை நினைத்துக்கொண்டு அங்கேயே கிடக்கிறார். உயிரோடு இருந்தபோது பாதி சாண்ட்விச்தான் அவளுக்குக் கிடைத்தது, இப்போது முழுசாக அவரே கிடைத்துவிட்டார். அதுவும் நான் செய்த காரியத்தால். இது நியாயமா, சொல்லுங்கள்.

அதனால்தான் வந்தேன். இதோ அந்த நாடா. நான் அவிழ்க்கவில்லை. கிளையோடு ஒடித்துக்கொண்டு வந்தேன். அவர் போட்ட முடிச்சு, அவிழ்க்க மனசு வரவில்லை. இழுத்துப் பாருங்கள், எவ்வளவு இறுக்கமாகப் போட்டிருக்கிறார். இதை அவரிடம் காட்டுங்கள். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று தெரிந்தால் மனசு லேசாகிவிடும். மரத்தடிக்குப் போக மாட்டார்.

சங்கத்தில் பேட்டரி இயந்திரத்தை யாரும் தொடுவதில்லை. வசந்தத்தில் பழைய பெட்ரோல் இயந்திரத்தைத்தான் எடுப்பார்கள். கலந்து வைத்தது ரொம்ப நாள் தாங்காது, அதனால் நேற்று பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து வைத்திருக்கிறேன். கேன் என் கார் கொட்டகையில், கதவை ஒட்டி இருக்கிறது. நான் வர வசந்தம் தாண்டினால் பர்ல் தூக்கிக்கொண்டு போகட்டும். தீர்ந்துபோனால் எனக்குச் சொல்லி அனுப்பச் சொல்லுங்கள். வேறு யாரையும் கலக்க விட வேண்டாம் என்று ஹாய்ட்டிடம் சொல்லுங்கள்.