கர்நாடகா வண்டிக்காரி

ஆமாங்க சார், வெளிய நிக்கறது என்ர வண்டிதானுங்க. கர்நாடகா நம்பருதான். ஆனா நான் வண்டிக்கு வரலீங்க. சின்னராசு சம்சாரம் பாவாயின்னு ஒரு கடுதாசி வேணும். உங்க கையெழுத்து, ஒரு சீலு. வேற ஒண்ணும் கேக்கலீங்க.

தெரியுங்க. அந்தப் பைலுக் கட்ட நீங்க எடுக்கறப்பவே தெரிஞ்சு போச்சு. சின்னராசு செத்துட்டான்னு போன வருசம் எம்பேர்ல ஒரு மனு வந்திருக்குது. ஆளு உசுரோட இருக்கறான்னு பழைய வீஏஓ பிலிப் சார் செவப்பு மையில எழுதி வெச்சுட்டுப் போயிட்டாரு. அதானுங்க? வண்டிக்காகப் புருசனச் சாகடிச்சவளுன்னு செம்மேடு டீக்கடை வரைக்கும் எனக்குப் பேரு. நீங்க புதுசு, கீழ இருந்து வந்திருக்கீங்க, உங்களச் சொல்லிக் குத்தமில்ல. அந்தக் கதைய எம்வாயால ஒருக்காக் கேட்டுப்போட்டு அப்பறம் கடுதாசி குடுங்க. இல்லாட்டித் தொரத்தி உடுங்க.

கடுதாசி எதுக்குன்னா, அதையுஞ் சொல்லத்தான் போறேன். மொதல்ல அந்தப் பைலக் கழுவிக்கறேனுங்க. அது அழுக்காக் கெடக்கறப்ப நான் என்ன சொன்னாலும் நாத்தந்தான் அடிக்கும்.

இல்லீங்க, நின்னுக்கறேன்.

அந்தாளு குடகுக்கு மொளகு பறிக்கப் போனவருங்க. எங்க வளப்பூர் நாட்டுல பாதி ஆம்பளைங்க பறிப்புக் காலத்துக்கு அங்கதான் கெடப்பாங்க. ஏணி போட்டு மரமேறுற கையின்னு நம்மாளுகளக் கண்டா எஸ்டேட்டுக்காரனுக்கு அத்தன பிரியம். போனவரு பறிப்பு முடிஞ்சுந் திரும்பல. அடுத்த வருசப் பறிப்புக்கும் அங்கயே நின்னுக்கிட்டாரு. அந்தூரு விலாசத்துல இந்த பைக்கு வண்டிய வாங்கினாரு. ஒரு பொண்ணையும் சேத்துக்கிட்டாரு. எது மொதல்லன்னு எனக்குத் தெரியாதுங்க, நான் கேக்கவும் இல்ல.

ஊர்க்கவுண்டரு ஆளு சொல்லி உட்டாரு. வந்தாரு, அந்த வண்டியிலயே, கருப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு. கோயிலுக்கு முன்னால உக்கார வெச்சு, இவளோட இருக்கறயா அவளோட இருக்கறயாடான்னு கேட்டாங்க. கண்ணாடியக் கழட்டாமயே, அங்கதாங்கன்னாரு. சரின்னு துரும்பு கிள்ளிப் போட்டாங்க. உங்க பக்கத்துல கெடையாதுங்களா? ஒரு துரும்புங்க. இந்த முனைய அவரு புடிப்பாரு, அந்த முனைய நான் புடிப்பேன். ரெண்டாக் கிள்ளிக் கீழ போட்டாத் தீந்துது. அப்பறம் அவரு எனக்கு ஒண்ணுமில்ல, நான் அவருக்கு ஒண்ணுமில்ல.

எங்க வழக்கத்துல புள்ள அப்பனுக்குத்தான் போவுமுங்க. இவரு, அது வேண்டாம், அங்க எடமில்லன்னுட்டாரு. புள்ள கலைமணி அங்கதான் என்ர முந்தானையப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. எடமில்லையாமா. அப்பறந்தான் ஊர்க்கவுண்டருக்குக் கோவம் வந்து, அப்ப வண்டிய உட்டுட்டுப் போடா, புள்ளைய வளக்கறவளுக்கு ஆவட்டும்னாரு. சாவியக் கொண்டாந்து எம்மடியில போட்டுட்டு பஸ்ஸேறிப் போனாரு. அத்தன பேரு பாக்க, சாமி பாக்க. எங்க கணக்குல வண்டி அன்னைக்கே எம்பேருக்கு மாறிப் போச்சுங்க.

ஓட்டறதா? பள்ளிக்கூடத்து மைதானத்துல நானே தள்ளி, நானே உழுந்து, நானே பழகினேன். மொத மொதல்ல பொம்பள கியர் வண்டி ஓட்டறான்னு சிரிச்சாங்க. கர்நாடகா வண்டிக்காரி வாராடா, எல்லாரும் கன்னடம் பேசுங்கடாம்பானுங்க. பேசிட்டுப் போறானுங்க. சோளக்காட்டுச் சந்தைக்கு மொளகு மூட்டை அதுலதான் போவுது. குச்சிக்கெழங்கு, பலாக்காய், எல்லாம் அதுலதான். பஸ்ஸுல ரெண்டு பலாக்காய் ஏத்தினா மூஞ்சியத் திருப்பற கண்டக்டரு கையில நான் இனி நிக்க வேண்டியதில்ல பாருங்க. அந்த வண்டி இல்லேன்னா என்ர ஊட்டுல அடுப்பு எரியாதுங்க. அந்தாளு குடுத்ததுல அது ஒண்ணுதான் உருப்படி.

ஆனா போலீசு நம்பரப் பாத்தா நிறுத்துது. வெளி மாநில வண்டிய இங்கயே வெச்சு ஓட்டுனா நம்பரு மாத்தோணுமாம், இங்க வரி கட்டோணுமாம், பேரு மாத்தோணுமாம். சரி மாத்திக்கலாம், அதுல என்னன்னு கீழ ஆர்டிஓ ஆபீசுக்குப் போனேன். கர்நாடகாவுல இருந்து தடையில்லைன்னு ஒரு சர்ட்டிபிகேட் வரோணும், அதுக்கு ஓனரு கையெழுத்து வேணும்னானுங்க. நாந்தாங்க ஓனருன்னேன். சன்னலுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்த பையன் நிமிந்தே பாக்கல. புக்குல சின்னராசுன்னு இருக்குதுன்னான்.

நான் வந்து ஊர்க்கவுண்டருகிட்டச் சொன்னேன். அவருக்குப் புரியலீங்க. நாங்க குடுக்க வெச்சத அவன் யாரு இல்லைங்கறதுக்குன்னு மறுநாளே கெளம்பிட்டாரு. இன்னும் ரெண்டு பெரியவங்க. மூணு பேரும் தலையில உருமால் கட்டிக்கிட்டு, பஸ்ஸுல மலை வளைவு அத்தனையும் எறங்கி, ஒருத்தரு வாந்தி எடுத்து, ஆபீசுக்கு வந்து சேந்தோம். ஊர்க்கவுண்டரு அந்தச் சன்னல்ல நின்னு, தம்பி, நாங்க பாத்தோம், சாமி முன்னால குடுத்தான், எழுதிக்கன்னாரு. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு பேச்சு அவர இதுவரைக்கும் எவனுங் கேட்டதில்லீங்க. மலையில அவரு பாத்தேன்னா அது நடந்துது.

பையன் எதுல பாத்தீங்க, வீடியோ இருக்குதான்னான். அவரு சுத்தியும் பாத்தாரு. மூலையில சீமாறு சாத்தியிருந்துது. அதுல ஒரு குச்சிய உருவி, என்னை ஒரு முனையப் புடிக்கச் சொல்லி, இப்புடித்தான் தம்பின்னு கிள்ளிக் காட்டினாரு.

ஆபீசே சிரிச்சுதுங்க. ஒருத்தன் போன எடுத்துப் படம் புடிச்சான். கோர்ட்டுத் தீர்ப்பு இருந்தாக் கொண்டாங்க, இந்தக் குச்சிக் கதையெல்லாம் உங்க மலையோட வெச்சுக்கங்க, கவருமெண்டுக்கு இந்தம்மா இன்னைக்கும் அவரு சம்சாரந்தான், அப்பறம் எதுக்கு அழுவறீங்க, புருசங்கிட்டப் போயிக் கையெழுத்து வாங்குங்கன்னான். திரும்பி வாரப்ப பஸ்ஸுல ஊர்க்கவுண்டரு உருமாலக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டாரு.

எனக்கு அந்தப் பையன் மேலகூட அவ்வளவு கோவமில்லீங்க. குடகுல இருக்கற அந்தாளுகிட்ட மறுக்காப் போயி நிக்கோணுமேன்னுதான் அருவருப்பா இருந்துது. பல்லி உழுந்த கொழம்பு மாதிரி ஆயிப்போச்சு அந்த வண்டி. கொட்டவும் மனசு வரல, வாயில வெக்கவும் முடியல. போன் போட்டேன். என்னத்துக்கு? புள்ள எப்புடி இருக்குதுன்னு கேக்கலீங்க. வண்டி நல்லா ஓடுதாம்மான்னு கேட்டாரு.

வாரேன், பறிப்பு முடிஞ்சதும் வந்து கையெழுத்துப் போட்டுத் தாரேன்னாரு. பறிப்பு முடிஞ்சுது. மழை நிக்கட்டும்னாரு. மழை நின்னுது. அப்பறம் கம்ப்யூட்டர்லயே பண்ணலாம், போனுக்கு ஒரு நம்பரு வரும், அதச் சொன்னாப் போதும்னாங்க. எஸ்டேட்டுல டவர் இல்ல. இந்தாளு மேடேறி நின்னு நம்பரப் படிக்கறதுக்குள்ள அது காலாவதியாப் போவும். நான் இங்க கம்ப்யூட்டர் கடையில காத்துக் கெடப்பேன். அவரு அங்க இருந்து, கேக்குதா, கேக்குதாம்பாரு. கேக்குது, நம்பரச் சொல்லுங்கம்பேன். கண்ணாடி ஊட்டுல இருக்குதும்மாம்பாரு. எழுத்துப் படிக்கற கண்ணாடிங்க. வெயிலுக்குப் போடறது மட்டும் மறக்காது.

அப்பத்தான் அந்த யுவராசு வந்து சேந்தான். ஆபீஸ் வாசல்ல சுத்தற புரோக்கரு. அக்கா, எதுக்கு அலையறீங்க, ஆதார் நகல் குடுங்க, போட்டோ குடுங்க, நான் பாத்துக்கறேன்னான். குடுத்தேன். டீ வாங்கிக் குடுத்தான். குடிச்சுக்கிட்டே, சுலுவா ஒரு வழி இருக்குதுக்கா, அவரு எறந்துட்டாருன்னு போட்டுட்டா வாரிசுல மாத்திக்கலாம், கையெழுத்தும் வேண்டாம், போன் நம்பரும் வேண்டாம்னான். சக்கரை கம்மியாப் போடுங்கற மாதிரிச் சொல்றான் சார். எனக்குப் புரியறதுக்கே சித்த நேரமாச்சு. டீய அப்புடியே வெச்சுட்டு எந்திருச்சேன். அந்தாளு எனக்கு ஆவாதவருதான். அதுக்குன்னு உசுரோட இருக்கறவருக்குப் பாடை கட்டுவாங்களா? த்தூ.

நகலத் திருப்பி வாங்காம வந்ததுதான் நான் செஞ்ச முட்டாத்தனம். அவனே மனுப் போட்டுட்டான். அதுதான் உங்க கையில இருக்கறது.

எனக்கு எப்பத் தெரியும்னா, தலையாரி மாதேஸ்வரன் விசாரணைக்கு ஊட்டுக்கு வந்தப்பத்தான். நான் காட்டுல இருந்தேன். ஊட்டுல புள்ள மட்டும். உங்கப்பன் என்னைக்குக் கண்ணு செத்தாருன்னு அதுகிட்டக் கேட்டிருக்கறாரு. நெசமாத்தான் கேட்டாரு, அவரு மேலயுந் தப்பில்ல. அது அழுதுக்கிட்டே வரப்பு மேல ஓடி வருது. நான் என்னமோ ஏதோன்னு போன் போட்டா, அந்தாளு எடுத்து, என்னம்மா, வண்டி ரிப்பேராங்கறாரு. புள்ள பின்னாலயே வந்த மாதேஸ்வரங்கிட்டப் போனக் குடுத்தேன். ஏனப்பா சின்னராசு, நீ செத்துட்டயான்னாரு. அவரு அந்தப் பக்கம், இன்னும் இல்லீங்கன்னாரு. மாதேஸ்வரனுக்குச் சிரிப்பு அடங்கல. ஊரே சிரிச்சுது. புள்ள மட்டும் ரெண்டு நாளு சோறு திங்கல.

அந்த யுவராசத் தேடிப் போயிக் கேட்டேனுங்க. போனது போனதுதாங்க்கா, நல்லதுக்குத்தான செஞ்சேன்னான். அவன் சட்டையத் தொடறதுக்கே எனக்குக் கூசுச்சு. வந்துட்டேன். அதோட நம்பரு மாத்தற பேச்ச உட்டுட்டேன். போலீசு நிறுத்துனா நிக்கறேன், உடறப்பப் போறேன்.

இதானுங்க அந்தப் பைலு. இதுல நான் போட்ட கையெழுத்து ஒண்ணு காட்டுங்க. இல்லீங்கள்ல? அதுல இருக்கறது நான் எழுதற எழுத்தே இல்ல, ஒப்புட்டுப் பாத்துக்கங்க. இப்ப நம்பறீங்களா? தலையாட்டாதீங்க சார், வாயத் தொறந்து சொல்லுங்க.

சரிங்க.

அந்தாளு முந்தாநேத்துப் போயிட்டாருங்க. பறிப்புல ஏணி சறுக்கி.

பாத்தீங்களா, பேனாவ மூடறீங்க. இதுக்குத்தானுங்க மொதல்லயே சொல்லல. உள்ள நொழைஞ்சதும் சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க, மறுக்காவுமான்னுதான கேட்டிருப்பீங்க.

அங்க இருக்கற அந்தப் பொண்ணுதான் போன் பண்ணுச்சு. இத்தன வருசத்துல இதுதான் மொத தடவ. பாதித் தமிழு, பாதி அந்தூருப் பேச்சு. அக்கான்னுச்சு. எனக்கு அது நாராசமாத்தான் இருந்துது, ஆனா போன வெக்க முடியல. ஆஸ்பத்திரியில அவரு உடம்ப அவகிட்டக் குடுக்க மாட்டேங்கறாங்களாமா. நீ யாருன்னு கேக்கறாங்களாமா. ஆதார்ல நம்ம மலை விலாசம் இருக்குது, சம்சாரமோ ரத்த சொந்தமோ வந்து கையெழுத்துப் போட்டாத்தான் ஆச்சாம். அவருக்கு அப்பன் ஆத்தா இல்ல, கூடப் பொறந்ததும் இல்ல. என்ர ஆதாரு, ரேசன் கார்டு எல்லாத்துலயும் எங்கப்பன் பேரப் போட்டு மாத்தியாச்சு. அதுக்குத்தான் உங்க கடுதாசி. இந்தாங்க, அந்தூருப் போலீசு நம்பரு. நீங்களே போன் போட்டுக் கேளுங்க. எம்பேச்ச நம்ப வேண்டாம்.

இங்க கொண்டாரதா? இல்லீங்க. எங்க நாயத்துல துரும்பு கிள்ளுனதோட அவரு அவளோட ஆளு. பொதைக்கற பாத்தியதை அவளுக்குத்தான், எனக்கில்ல. உங்க நாயத்துல நாந்தான் சம்சாரம். அதனால நான் போயிக் கையெழுத்துப் போட்டு, வாங்கி, அவ கையில ஒப்படைச்சுட்டு, அங்க ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்காமத் திரும்பி வந்துருவேன். அழுவறதுக்குப் போவலீங்க. எனக்கு அழுகையும் வரல.

புள்ளைக்கு இன்னுஞ் சொல்லலீங்க.

ஆங், ரிங்கு போவுதுங்களா? பேசுங்க, பேசுங்க. அவங்களுக்குத் தமிழ் புரியும்.

...

கேட்டீங்களா. எழுதுங்க சார். சம்சாரம்னே எழுதுங்க. கீழ போற பஸ்ஸுக்கு நேரமாச்சு. அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரி வாசல்லயே உக்காந்திருக்குதாமா. மூஞ்சிய ஒருக்காப் பாத்துட்டு வாரேன்னு கேட்டதுக்குக்கூட உள்ள உடலையாமுங்க.